அவையஞ்சாமை: வள்ளுவர் அமைச்சனுக்குச் சொன்னதும் நாம் குழந்தைக்குச் சொல்வதும்

திருக்குறளில் 72-ஆம் அதிகாரம் அவையறிதல். அதற்கு அடுத்த 73-ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. முதலாவதை நம் வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இரண்டாவதைத்தான் சொல்கிறோம். அதுவும் யாரிடம்? பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் கை சில்லிட்டுப்போய் உட்கார்ந்து, "அம்மா, நான் பாடலை" என்று முனகுகிற பத்து வயதுப் பெண்ணிடம். "வீட்டிலே நன்னாத்தானே பாடினே? இங்கே வந்து என்ன வந்தது?" என்று தாயார் கேட்கிறார். "பயப்படக் கூடாது, வள்ளுவரே சொல்லியிருக்கார்" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சேர்ந்துகொள்கிறார்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் அன்று. தில்லியிலோ மும்பையிலோ புனேயிலோ வளரும் பிள்ளை பள்ளியில் ஆங்கிலம் பேசுகிறது, தெருவில் இந்தியோ மராத்தியோ பேசுகிறது. வீட்டில் பாதித் தமிழ். வாய் நிறையத் தமிழை உச்சரிக்க அதற்குக் கிடைத்திருக்கும் இடம் பல சமயம் பாட்டு வகுப்பு ஒன்றுதான். மேடையில் ஒருமுறை தடுக்கி விழுந்து, அதற்குப் பிறகு "எனக்குப் பாட்டு வேண்டாம்" என்று பன்னிரண்டு வயதில் முடித்துக்கொள்ளும் பிள்ளையிடமிருந்து சங்கீதம் மட்டும் போவதில்லை. ஆகையால், சபைக் கூச்சத்தைப் பற்றி நம் இலக்கியம் என்ன சொல்கிறது, நம் கச்சேரி மரபு என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது, இரண்டையும் நாம் எங்கே தவறவிட்டோம் என்று பார்ப்பது இந்த மலருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

யாருக்குச் சொன்ன குறள்?

அவையஞ்சாமை அதிகாரத்தைத் தனியாக எடுத்துப் படித்தால் வள்ளுவர் கொஞ்சம் கடுமையாகவே தோன்றுவார். அவைக்கு அஞ்சுகிறவனுக்கு நூலறிவால் என்ன பயன் என்று கேட்கிறார். அவன் கல்லாதவரினும் கீழ் என்கிறார். உயிரோடிருந்தும் இல்லாதவனுக்குச் சமம் என்பது வரைக்கும் போகிறார். அவ்வையாரும் மூதுரையில் விட்டாரில்லை. சபை நடுவே நீட்டிய ஓலையை வாசிக்கத் தெரியாமல் நிற்பவனை மரம் என்றே சொல்லிவிட்டார். மேடையில் வாயடைத்து நின்ற பிள்ளைக்கு இவற்றையெல்லாம் சொன்னால் அது தேறுமா, இன்னும் சுருங்குமா?

ஆனால் அந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பொருட்பாலில், அமைச்சியலில், 64-ஆம் அதிகாரம் தொடங்கி 73 வரை செல்லும் பத்து அதிகாரங்களில் கடைசியாக இருக்கிறது. வள்ளுவர் பேசுவது அமைச்சனிடம். அரசவையில் வாய் திறக்க அஞ்சுகிற அமைச்சனால் நாடு கெடும். கல்வி முடித்து, பதவி ஏற்று, சம்பளம் வாங்குகிற ஆளுக்குச் சொன்ன கண்டிப்பு அது. மோகன வர்ணம் முடித்து மூன்று மாதம் ஆன குழந்தைக்குச் சொன்னது அன்று.

இன்னொன்று. அதே அதிகாரத்தில், போர்க்களத்தில் சாகத் துணிபவர் பலர், அவையில் அஞ்சாதவர் சிலரே என்றும் ஒரு குறள் இருக்கிறது. இதை நாம் வீரவசனமாகப் படித்துவிட்டுப் போகிறோம். அது ஓர் ஒப்புதல் என்பதைக் கவனிப்பதில்லை. அவைக்கு அஞ்சுவதுதான் மனிதரில் பெரும்பாலோரின் இயல்பு, அஞ்சாமை அபூர்வம் என்று கடுமையான அதிகாரத்தின் நடுவிலேயே வள்ளுவர் ஒத்துக்கொள்கிறார்.

இவை எல்லாவற்றுக்கும் மேல், வரிசையைக் கவனிக்க வேண்டும். அவையறிதல் முன்னே, அவையஞ்சாமை பின்னே. எதிரே இருப்பவர் யார், எத்தகையவர் என்று முதலில் அறி, அதற்குப் பிறகுதான் அஞ்சாமை என்பது வைப்புமுறை. நாம் என்ன யோசனை சொல்கிறோம்? "எதிரே உட்கார்ந்திருக்கிறவா எல்லாரையும் பூசணிக்காய்னு நினைச்சுக்கோ!" இது வள்ளுவருக்கு நேர்மாறான யோசனை. உணர்வுடையவர் முன் பேசுவது, வளர்கிற பயிரின் பாத்தியில் நீர் விடுவதைப் போன்றது என்கிறார் அவர். அவையைப் பயிராகப் பார்க்கச் சொன்னவர் எங்கே, பூசணிக்காயாகப் பார்க்கச் சொல்கிற நாம் எங்கே!

அச்சமா, கூச்சமா?

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கச்சேரி மேடையில் பேயும் இல்லை, புலியும் இல்லை, திருடனும் இல்லை. நான்காவது இருக்கிறது. இறை என்றால் அரசன், தலைவன், நம்மைத் தண்டிக்க அதிகாரம் உள்ளவன். குழந்தை பயப்படுவது முந்நூறு பேருக்கு அன்று என்பது பல வருஷமாகப் பாட்டுப் போட்டிகளைப் பார்த்துவருபவருக்குத் தெரியும். அது பயப்படுவது முதல் வரிசைக்கு. அங்கேதான் அப்பா, அம்மா, பாட்டு டீச்சர், மதிப்பெண் தாளோடு நடுவர், "எங்காத்துப் பொண்ணு போன வருஷம் முதல் பரிசு" என்று சொல்லும் மாமி, எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் இறை.

புத்தகம் அவையச்சம் என்று சொன்னாலும் பேச்சு வழக்கு அப்படிச் சொல்வதில்லை. சபைக் கூச்சம், மேடைக் கூச்சம் என்கிறோம். இந்தச் சொல்லில் அறிவு இருக்கிறது. இருட்டிலிருந்து வெயிலுக்கு வந்தால் கண் கூசுகிறது. அதைக் கண்ணின் நோய் என்று யாரும் சொல்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்குப் பழகினால் போய்விடும். பலர் பார்க்கப் பாடும்போது உண்டாகும் கூச்சமும் இதே ஜாதி. அதைக் கோழைத்தனம் என்று வைதால் தீராது. வெளிச்சத்தை அளவாகக் கொடுத்தால் தீரும்.

உடம்பில் நடப்பதையும் சொல்லிவிடுவோம். ஆபத்து என்று மூளை எண்ணியவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைகிறது. தோலுக்கும் விரல்களுக்கும் போகிற இரத்தம் குறைவதால் கை சில்லிடுகிறது. எச்சில் வற்றுகிறது. மூச்சு வயிற்றிலிருந்து மார்புக்கு ஏறிக் குட்டையாகிறது. ஓடுவதற்கும் சண்டை போடுவதற்கும் இது நல்ல ஏற்பாடு. பாடுவதற்கு இதைவிடக் கெட்ட ஏற்பாடு கிடையாது. மூச்சு குட்டையானால் கார்வை நிற்காது. தொண்டை இறுகினால் மேல் ஷட்ஜம் எட்டாது. வயலின்காரருக்கும் வீணைக்காரருக்கும் விரல் வியர்த்து வழுக்கும். இவற்றைவிட மோசமானது, உள்ளே ஓடும் கடிகாரம் வேகம் பிடிப்பது. பாடுகிறவருக்குச் சாதாரணமாகத் தோன்றும் காலப்பிரமாணம் கேட்கிறவருக்கு ஓட்டமாக இருக்கும். பல்லவியை அந்த வேகத்தில் எடுத்துவிட்டு, மூன்றாவது சங்கதியில் மூச்சு முட்டி நிற்பதைத்தான் "பயத்திலே தாளம் போச்சு" என்கிறோம்.

பெரியவர்களுக்கு இது வராது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தொண்ணூற்றாறு வயது வரை வாழ்ந்து 1973-இல் மறைந்த செல்லோ மேதை பாப்லோ கசல்ஸ், மேடைப் பயம் தம்மை ஒருநாளும் விட்டதில்லை என்று தம் வாழ்க்கை நினைவுகளில் சொல்லியிருக்கிறார். பியானோ மேதை ஹோரோவிட்ஸ் 1953 முதல் 1965 வரை பன்னிரண்டு ஆண்டுகள் மேடைப் பக்கமே வரவில்லை. 1967-இல் நியூயார்க்கில் பெரும் கூட்டத்தின் முன் பாட்டின் வரிகளை மறந்த பார்பரா ஸ்ட்ரைசாண்ட், அந்தப் பயத்தில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கட்டணக் கச்சேரிகளைத் தவிர்த்தார். ஆகவே இது திறமைக் குறைவின் அடையாளம் அன்று.

மாதவிக்கு என்னென்ன செய்தார்கள்?

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நாம் பொதுவாகப் பழைய நாட்டியக் கலைக்கு ஆவணமாகப் படிக்கிறோம். ஒரு சிறுமியை மேடைக்கு எப்படித் தயார் செய்தார்கள் என்ற கேள்வியோடு படித்தால் அந்தக் காதை வேறு மாதிரித் தெரிகிறது.

மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டாவது வயதில் சோழ மன்னன் அவையில் ஏறுகிறாள். எதிரே இருப்பவன் சாட்சாத் இறையேதான். ஆனால் இளங்கோவடிகள் உடனே அவளை மேடையில் ஏற்றிவிடவில்லை. முதலில் அவளைச் சுற்றி இருப்பவர்களின் இலக்கணத்தை ஒவ்வொருவராகச் சொல்கிறார். ஆடலாசான், இசையாசிரியன், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன். அடுத்து அரங்கின் அளவு: இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூண்களின் நிழல் அவள்மேல் விழாதபடி விளக்கு வைத்தார்கள் என்பது வரை சொல்கிறார். அனுபவம் முதிர்ந்த தோரிய மடந்தையர் பக்கத்தில் நிற்கிறார்கள். வலக்காலை முன்வைத்து அவள் ஏறுவது இதற்கெல்லாம் பிறகு.

இதில் என் மனத்தைத் தொட்ட இடம் தண்ணுமை ஆசிரியனின் இலக்கணம். மற்ற இசை குறைவுபடும் இடத்தில் நிரப்பவும், மிகைபடும் இடத்தில் அடக்கவும், தன் கருவி மேலோங்கிவிடாமல் வாசிக்கவும் தெரிந்தவனாக அவன் இருக்க வேண்டும். பக்கவாத்தியக்காரரின் முதல் தகுதி, முதன்மைக் கலைஞரின் குறையை அவை அறியாமல் தாங்கிக்கொள்வது. பிழையே வராது என்ற நம்பிக்கையில் அந்த மேடையைக் கட்டவில்லை. பிழை வரும், வந்தால் தாங்குவதற்கு ஆள் இருக்கிறது என்ற ஏற்பாட்டில் கட்டியிருக்கிறார்கள். 1008 கழஞ்சுப் பொன்னும் தலைக்கோல் பட்டமும் மாதவி ஒருத்தியின் துணிச்சலுக்குக் கிடைத்த பரிசு என்று நான் படிக்கவில்லை.

கச்சேரி முறைக்குள் இருக்கும் மருந்து

இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைப்படுத்திய கச்சேரிப் பத்ததியைச் சுவையின் கணக்காகத்தான் விமரிசகர்கள் பாராட்டுவது வழக்கம். பாடுகிறவரின் நரம்புகளின் கணக்காகவும் அதைப் பாராட்டலாம்.

வர்ணத்தில் தொடங்குவது ஏன்? வர்ணத்தில் எல்லாம் முன்னமே கட்டப்பட்டது. பல வருஷம் இரண்டு காலத்திலும் பாடிப் பாடித் தொண்டையில் ஊறியது. புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை. பயத்தால் மூளை ஸ்தம்பித்திருக்கும் முதல் ஏழெட்டு நிமிஷத்தைத் தொண்டையே பார்த்துக்கொள்கிறது. அதற்குள் மூச்சு கீழே இறங்கிவிடும். அதற்குப் பின் சின்ன கிருதிகள், பிறகு மனோதர்மம். பிரதான உருப்படி முடிந்ததும் தனி ஆவர்த்தனம் வருகிறது. பாடகருக்கு அது ஓய்வு. கடைசியில் துக்கடாக்கள், எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகள். ஏறி இறங்கும் மலைப்பாதை மாதிரி வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறது.

கிருதியின் அமைப்பும் அப்படித்தான். பல்லவிக்குத் திரும்பத் திரும்ப வருகிறோம். சரணத்தில் சொல் மறந்துபோனால் பல்லவியை எடுத்து ஓர் ஆவர்த்தனம் பாடிச் சமாளிக்கலாம். பல்லவி வீட்டு வாசல் மாதிரி, எங்கே வழி தவறினாலும் அங்கே வந்து நிற்கலாம். இதைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் எத்தனை பேர்?

இந்த ஏற்பாடு அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு நாம் கண்டுபிடித்திருப்பது பாட்டுப் போட்டி. வர்ணம் கிடையாது, நேரே கிருதி. ஐந்து நிமிஷம், மணி அடிப்பார்கள். வயலின் இல்லை, மிருதங்கம் இல்லை. தாங்குவதற்கு ஆளே இல்லாத மேடையில் ஒரு குழந்தையும் ஒரு சுருதிப் பெட்டியும். எதிரே மேஜை போட்டு மூன்று இறைகள். சொல் மறந்தால் மதிப்பெண் போச்சு. மாதவிக்குச் செய்துகொடுத்ததில் ஒன்றைக்கூடச் செய்யாமல் மாதவியின் தைரியத்தை மட்டும் எதிர்பார்க்கிறோம். பரிசு வாங்கும் மூன்று பிள்ளைகளின் படம் மலரில் வருகிறது. மீதி நாற்பது பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்பது எந்த மலரிலும் வருவதில்லை.

"போட்டி வைத்தால்தான் பிள்ளைகள் பயிற்சி செய்கிறார்கள்" என்று விழாக் குழுவினர் சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாள் குறித்தால்தான் சாதகம் நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் நாள் குறிப்பதற்குக் கச்சேரியே போதும், போட்டி வேண்டியதில்லை.

மோகமுள் எழுப்பும் கேள்வி

நவீன இலக்கியத்தில் சங்கீதத்தை உள்ளிருந்து எழுதியவர் என்றால் தி. ஜானகிராமன் (1921–1982). தில்லி வானொலியில் பணிபுரிந்தவர் என்பதால் தில்லித் தமிழர்களுக்கு அவர் நம்மவர். மோகமுள்ளில் பாபு கச்சேரி மேடைக்கு அவசரப்படுவதில்லை. குரு ரங்கண்ணாவின் திண்ணையில் சங்கீதத்தின் இலக்கு மேடை அன்று, நாதம். நாவலின் முடிவில் பாபு குரலைப் பழக்கிக்கொள்ள வடக்கே புறப்படுகிறான்.

வாசகர்கள் இதை உன்னத லட்சியமாகப் படிக்கிறார்கள். படிக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. "இன்னும் பக்குவம் வரவில்லை" என்று தள்ளிப்போடுவதில் எவ்வளவு லட்சியம், எவ்வளவு கூச்சம்? பூரணத்துவத்தைப் போல நல்ல ஒளிவிடம் கூச்சத்துக்குக் கிடையாது. தி.ஜா. இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. அவிழ்க்காதது நாவலின் அழகு என்று சொல்லலாம். ஆனால் பாபுவை முன்மாதிரியாகக் கொண்டு "முழுசா வந்தப்புறம் மேடை" என்று பிள்ளைகளைப் பத்து வருஷம் பூட்டி வைக்கும் குருமார்களுக்கு அந்த அழகு துணைபோய்விட்டது. இருட்டிலேயே வைத்திருந்து ஒரேயடியாக உச்சி வெயிலில் நிறுத்தினால் கண் கூசாமல் என்ன செய்யும்?

அதே தி.ஜா.வின் 'செய்தி' சிறுகதை வேறு பாதை காட்டுகிறது. மரபில் ஊறிய ஒரு நாகசுர வித்வான், நம் இசையை அறியாத வெளிநாட்டு இசைக் குழுவினர் முன் வாசிக்கிறார். இவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்ற தயக்கம் முதலில். ஆனால் குழுவின் தலைவர் அதில் அப்படியே கரைந்துபோகிறார். வாசித்தவருக்கும் அன்றுதான் தம் இசையின் பொருள் தெரிகிறது. கேட்பவர் எத்தனை பேர் என்பதோ, இலக்கணம் தெரிந்தவரா என்பதோ இங்கே பெரிதில்லை. எப்படிக் கேட்கிறார் என்பதுதான் பெரிது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் தமிழ் அறியாத அண்டை வீட்டார் நம் பிள்ளைகளின் பாட்டைக் கேட்க வருகிறார்கள். அவர்கள் மதிப்பெண் போட வருவதில்லை. பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல முதல் அவை அவர்கள்தாம்.

சிறிய அவையின் பெருமை

வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைச் சங்கீத உலகம் இன்னும் பேசுகிறது. மிருதங்கம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, பெரிய கூட்டம் கிடையாது. அறிந்தவர் சிலர், அசையாத அமைதி. அவருடைய பேத்தி பாலசரஸ்வதி ஆடியபோது தாயார் ஜயம்மாள் பாடினார். பின்னால் அம்மாவின் குரல் கேட்கும்போது மேடை பாதி வீடாகிவிடுகிறது.

1928-இல் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் விழாவில் முசிறி சுப்பிரமணிய ஐயர் வர முடியாமல் போக, பதினெட்டு வயது ஜி.என். பாலசுப்பிரமணியம் திடீரென்று அவர் இடத்தில் உட்கார்ந்து பாடினார். இதைப் பிறவித் துணிச்சல் என்பார்கள். நான் பார்ப்பது வேறு. ஜி.என்.பி.யின் தகப்பனார் வித்வான்களோடு நெருங்கிப் பழகியவர். பெரிய சங்கீதக்காரர்கள் வந்துபோகும் வீட்டில் வளர்ந்த பையன் அவர். பலர் நடுவே பாடுவது அந்த வீட்டில் காபி சாப்பிடுவது போன்ற சமாசாரம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் கச்சேரிகளையும் நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் ராதாவின் குரல் துணை. என்ன பாடுவது, எந்த வரிசையில் பாடுவது என்பதைச் சதாசிவம் முன்கூட்டியே தீர்மானித்திருப்பார். மேடையில் உட்கார்ந்து கவலைப்பட எதையும் மிச்சம் வைக்காத ஏற்பாடு அது.

மொழி தரும் தைரியம்

மேடையில் பிள்ளைகளை அதிகம் மிரட்டுவது மறதி. இங்கே நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தெலுங்குக் கீர்த்தனையையும் சமஸ்கிருதக் கீர்த்தனையையும் விடுங்கள். தமிழ்ப் பாட்டையே நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்திலோ தேவநாகரியிலோ எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். ழகரம், ளகரம், லகரம் மூன்றும் ஒன்றாகிவிடுகிறது. பொருளும் சொல்லிக்கொடுப்பதில்லை. அர்த்தம் தெரியாத சொற்களின் மனப்பாடம் ரயில் பெட்டி மாதிரி, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும். ஒரு கொக்கி கழன்றால் பின்னால் இருப்பது அத்தனையும் நின்றுவிடும். அர்த்தம் தெரிந்தால் ஒரு சொல் தவறினாலும் மனசு அடுத்த சொல்லைத் தானே தேடி எடுக்கும்.

1941-இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழிசை மாநாட்டிலும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்திலும் வாதம் கேட்பவரை வைத்து நடந்தது. கேட்பவருக்குப் புரிய வேண்டாமா என்று கேட்டார்கள். வெளிமாநிலத்தில் அந்த வாதத்தைப் பாடுகிறவரின் பக்கமிருந்தும் சொல்லலாம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரப் பாட்டு ஒன்றையோ பாபநாசம் சிவனின் பாட்டு ஒன்றையோ தமிழ் எழுத்தில் எழுதி, யார் யாரிடம் என்ன கேட்கிறார் என்று கதை சொல்லிப் பாடவைத்தால் அந்தப் பிள்ளைக்குப் பாதி பயம் போகும். நந்தனுடைய தவிப்பைப் பாடுகிறவளுக்குத் தன் தவிப்பை நினைக்க நேரம் இருக்காது.

ஒரு நல்ல சொல்

"அமைதியாக இரு, பதற்றப்படாதே" என்கிற வழக்கமான உபதேசத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் சிலரைப் பிறர் முன் பாட வைத்தார். பாடுமுன் "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பாடினார்கள். துடிக்கிற இதயத்தை அடக்குவது கடினம், அந்தத் துடிப்புக்கு வேறு பெயர் வைப்பது எளிது. தமிழ் இதை முன்பே அறிந்து வைத்திருக்கிறது. பரீட்சைக்குப் போகும்போதும் "மனசு படபடங்கறது" என்கிறோம், வெளியூரிலிருந்து அண்ணா வரும் ரயிலுக்குக் காத்து நிற்கும்போதும் அதையேதான் சொல்கிறோம்.

மாத்திரை போட்டுக்கொண்டு மேடை ஏறுகிற பழக்கமும் உலகில் உண்டு. 1960-களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனலால் இதய நோய்க்கானது. கை நடுக்கத்தைக் குறைக்கிறது என்று மேற்கத்திய வாத்திய இசைக்குழுக்களில் பலர் அதை எடுத்துக்கொள்வது தெரிந்த செய்தி. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் எவரும் தொடக்கூடாது. குழந்தைகளின் பாட்டு மேடைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

வேண்டியது எல்லாம் நம் கைக்கு எட்டியவைதான். போட்டி என்ற பெயரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன வர்ணமும் ஒரு பாட்டும் பாட இடம் கொடுக்கலாம். ஊரில் இருக்கும் ஒரு வயலின்காரரையும் ஒரு மிருதங்கக்காரரையும் அன்று முழுவதும் உட்காரச் சொல்லலாம், குறை நிரப்புவதற்கு. முதல் தடவை இரண்டு பேர் சேர்ந்தே பாடட்டும். ஆண்டுக்கு ஒரு பெரிய மேடைக்குப் பதிலாக, மாதம் ஒரு வீட்டுக் கூடத்தில் இருபது பேர் முன் பாடவைக்கலாம். ஆசிரியர்கள் பாட்டின் நடுவிலிருந்து எடுத்துப் பாடப் பழக்க வேண்டும். தாளம் போடுமுன், பாட்டிலேயே நெருக்கமான சங்கதியை மனசுக்குள் ஒருமுறை பாடிப் பார்த்து அந்த வேகத்துக்கே எடுக்கச் சொல்லித்தர வேண்டும். பெற்றோர்கள் முதல் வரிசையை விட்டு நான்காவது வரிசைக்குப் போய்விட வேண்டும். பாடி முடித்து வந்தவுடன் "அந்த இடத்திலே ஏன் விட்டே?" என்று கேட்காமல், குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

அவையஞ்சாமை பிள்ளைகளுக்கு உரிய பாடம் என்றால், அவைக்கு உரிய பாடமும் ஒன்று இருக்கிறது. அஞ்சத் தகாத அவையாக நாம் இருப்பது அது. சங்கத்தின் அடுத்த ஆண்டு விழாக் குழுவினர் நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும்போது இதைச் சற்று மனத்தில் கொள்வார்களாக. மாதவிக்கு விளக்கு வைத்தவர்கள் நிழல் எங்கே விழும் என்று பார்த்து வைத்தார்கள். நாமும் பார்த்து வைப்போம்.